பிரெண்டா அக்கா

மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் காலை ரயிலில், பெண்கள் பெட்டியில், நாங்கள் எல்லோரும் அவளை பிரெண்டா அக்கா என்றுதான் கூப்பிடுவோம். புதிதாக ஏறுகிறவர்கள் அவளை ஆங்கிலோ இந்தியப் பெண் என்று நினைத்து இங்கிலீஷில் பேச்சுக் கொடுப்பார்கள். அக்கா சிரித்துக்கொண்டே, "இன்னா வோணும், தமிழ்லயே கேளுங்க" என்பாள். அதே ரயில் பாதையில் இருக்கிற கோரமண்டலில், தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீட்டில் பிறந்து, அதே வீட்டில் வளர்ந்தவள். கூடத்தில் புத்தர் படத்துக்குக் கீழே அவளுடைய அப்பாவின் கட்டில் கிடக்கும். அம்மா முன்பே இறந்துவிட்டாள். வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான்.

பிரெண்டா என்பது இத்தாலியில் இருக்கிற ஒரு கால்வாயின் பெயர். பதுவா என்ற ஊரிலிருந்து வெனிஸ் வரை போகிறது. அக்கா அதைப் பற்றிப் பேசிப் பேசி, அதுவே அவளுக்குப் பெயராகிவிட்டது.

பெங்களூரில் ஒரு பயணக் கம்பெனியில் அவளுக்கு வேலை. ஆஸ்திரேலியாவிலிருந்து இத்தாலி பார்க்கப் போகிற வயதானவர்களுக்கு ஒவ்வொரு நாளையும் பிரித்துத் திட்டம் போட்டுத் தர வேண்டும். எங்கே ஏறுவது, எங்கே சாப்பிடுவது, எங்கே இறங்குவது எல்லாம் அவள் சொல்வதுதான். அவளோ அதுவரை வேலூருக்கு அந்தப் பக்கம் போனதில்லை. அவள் போட்டுக் கொடுத்த பயணங்களிலேயே அதிகம் பேர் கேட்டு வாங்கியது அந்தக் கால்வாய்ப் படகுப் பயணம்தான்.

அவளைப் பார்த்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. கொரோனாவில் ரயில் நின்றுபோனபோது அவளுடைய கம்பெனியும் மூடிவிட்டது. அம்மா வழி உறவுக்காரர்களோடு இருக்க வேலூர்ப் பக்கம் போய்விட்டாள் என்று சொன்னார்கள். பழைய எண்ணுக்குப் போட்டால் வேறு யாரோ எடுத்துக் கன்னடத்தில் பேசுகிறார்கள்.

யாராவது எங்கேயாவது புறப்படுகிறார்கள் என்றால், அக்கா மனசாலே அவர்களுக்கு முன்னால் அங்கே போய்விட்டு வந்துவிடுவாள். அதுதான் அவள். என் தங்கை நர்சிங் பரீட்சைக்கு மைசூருக்குப் போகிறாள் என்று ஒருநாள் ரயிலில் சொன்னேன். அக்கா கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு ஆரம்பித்தாள்.

"ஹால் வாசல்ல செருப்பைக் கழட்டச் சொல்லுவாங்க. பக்கிள் வெச்ச செருப்பு வேணாம், பதட்டத்துல மாட்ட வராது. சாப்பாடு வெளிய கூட்டமா இருக்கும், தயிர் சாதம் கட்டிக் குடு. அப்பறம் திரும்பி வர்ற பஸ்ஸ மொதல்ல பாத்து வை. போறது எப்படின்னாலும் போய்டலாம். வர்றதுதான் கஷ்டம்."

தங்கை திரும்பி வந்து, எல்லாம் அந்த அக்கா சொன்ன மாதிரியே இருந்தது என்றாள். பெட்டியில் எல்லோருக்கும் இப்படி ஒரு கதை உண்டு. பிரசவத்துக்குப் போனவள், கோர்ட்டுக்குப் போனவள், மாமியாரைக் கண் ஆபரேஷனுக்குக் கூட்டிப் போனவள் எல்லோரும் அவளிடம் கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

கால்வாயைப் பற்றி அவள் சொல்லும்போது பூ கட்டுகிறவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். வெனிஸில் இருந்த பெரிய குடும்பத்துப் பிரபுக்கள் அந்தக் காலத்தில் வெயிலுக்குப் பயந்து கரையோரமாக மாளிகை கட்டி வைத்திருந்தார்கள். குதிரை இழுக்கிற படகில் கட்டில், நாற்காலி, வேலைக்காரர்கள், பாட்டுக்காரர்கள் என்று குடும்பமே வந்து இறங்கும். இப்போது அந்த மாளிகைகளைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் படகில் போகலாம். சில இடங்களில் இறங்கி உள்ளே போய்ப் பார்க்கலாம்.

"பாலம் ரொம்பத் தாழ்வா இருக்கும். மேல் தட்டுல ஒக்காந்திருக்கவங்க தலைய குனியணும். கழுத்து வலி இருக்கவங்கள நான் கீழ்த் தட்டுலதான் ஒக்கார வெப்பேன். திங்கக்கிழமை போனா பாதி வீடு மூடிக் கெடக்கும், அன்னிக்கி யாரையும் அனுப்ப மாட்டேன். ஒரு வீட்டுல செடியாலயே சுத்து வழி வெச்சிருக்காங்க. உள்ள போனா வெளிய வரத் தெரியாது. வயசானவங்க அங்க மாட்டிக்கினா அதுக்குள்ள போட்டு கெளம்பிடும். நீங்க வெளியவே நின்னு பாருங்கம்மான்னு சொல்லிடுவேன்."

"நீ அங்க போனதே இல்லியேக்கா" என்று ஒருத்தி கேட்டாள்.

"எத்தினி பேரை அனுப்பியிருக்கேன். போய்ட்டு வந்தவங்க கால் வலிச்சா கால் வலிச்சிதுன்னு சொல்றாங்க இல்ல, அத வெச்சித்தான் அடுத்தவங்கள அனுப்பறேன்."

அவளுடைய அப்பாவை அவள் நைனா என்பாள். சுரங்கத்தில் கேஜ் வாசலில் மணி அடிக்கிற வேலை பார்த்தவர். ஆட்களை ஏற்றிக்கொண்டு பூமிக்குள் இறங்குகிற இரும்புக் கூண்டுதான் கேஜ். ஆட்கள் ஏறிவிட்டார்களா, இறக்கலாமா, நிறுத்தலாமா என்று மேலே இருக்கிற இன்ஜின்காரனுக்கு மணியால் சொல்ல வேண்டும். சுரங்கம் மூடியபின் அவருக்கு மிச்சம் இருந்தது நுரையீரலில் படிந்த கல்தூசிதான். நாலு வார்த்தை பேசினால் நடுவில் மூச்சு வாங்க நிறுத்துவார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

மாலை ரயிலிலிருந்து இறங்கி சில நாள் அவளோடு அவள் வீட்டுக்குப் போவேன். செருப்பைக் கழற்றுவதற்குள் பெரியவர் கேட்டுவிடுவார்.

"இன்னிக்கி யாரை போட்ல ஏத்துன?"

அக்கா முகம் கழுவிக்கொண்டே சொல்வாள். ஆஸ்திரேலியாவில் பெர்த் என்ற ஊரிலிருந்து இரண்டு அக்கா தங்கைகள், ஒருத்திக்குக் காது கேட்காது. அல்லது பேரனோடு வருகிற ஒரு தாத்தா. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். கால்வாயில் நீர் மட்டம் மாறுகிற இடத்தில் படகு இரண்டு கதவுகளுக்கு நடுவே நிற்கும், தண்ணீரை வடிய விடுவார்கள், படகு மெல்லக் கீழே இறங்கும், பிறகு முன்கதவு திறக்கும். இதை முதல்முறை கேட்டபோது அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டாராம்.

"அட, அது கேஜ்மா. தண்ணியால செஞ்ச கேஜ்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "அங்க மணி அடிக்கறது யாரு?" என்று கேட்டார்.

கரையில் ஒரு மாளிகை இருக்கிறது. அங்கே ஒரு பிரபு வீட்டுப் பெண்ணைப் பல வருடம் அடைத்து வைத்திருந்தார்கள் என்று ஒரு கதை. அது கதையோ நிஜமோ யாருக்கும் தெரியாது என்று அக்கா சொன்னாள். பெரியவருக்கு அது மனசை விட்டுப் போகவில்லை. "ஜன்னல் கால்வா பக்கம் இருந்திச்சா, தோட்டத்துப் பக்கம் இருந்திச்சா? அதக் கேட்டுச் சொல்லு" என்றார். அக்கா அடுத்த நாளே அந்த ஊர் வழிகாட்டியிடம் மெயிலில் கேட்டுவிட்டு வந்து சொன்னாள்.

ஒருமுறை ஒரு ஆஸ்திரேலிய அம்மாள் தனக்கும் கணவருக்கும் படகில் இடம் கேட்டிருந்தாள். கணவருக்குக் கை நடுக்கம், சக்கர நாற்காலி. நாற்காலி ஏறுகிற பலகை எவ்வளவு அகலம், மதியச் சாப்பாட்டில் ஸ்பூனால் சாப்பிடக்கூடியதாக என்ன கிடைக்கும் என்றெல்லாம் அக்கா விசாரித்து வைத்திருந்தாள். புறப்படச் சில வாரங்கள் இருக்கும்போது, ரயில் பங்காருப்பேட்டையில் நிற்கையில் அவள் கைபேசிக்கு அந்த அம்மாள் கூப்பிட்டாள். கணவர் இறந்துவிட்டார். எல்லாவற்றையும் ரத்து செய்துவிடலாமா என்று கேட்டாள்.

அக்கா எழுந்து கதவோரம் போய் நின்று பேசினாள். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். இப்போது எதையும் முடிவு செய்ய வேண்டாம், இரண்டு இடமும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும், கூப்பிடத் தோன்றும்போது கூப்பிடுங்கள் என்று நிதானமான இங்கிலீஷில் சொன்னாள். அந்த அம்மாள் கடைசியில் தனியாகப் போனாள். படகில் பக்கத்து நாற்காலியில் கணவரின் தொப்பியை வைத்து எடுத்த ஒரு படம் அனுப்பியிருந்தாள். அக்கா அதை நைனாவிடம் காட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "காத்துல தொப்பி பறந்துடாம புடிச்சிக்கினாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த வருடம் கம்பெனியில் சிலரை இத்தாலிக்கு அனுப்புவதாக முடிவு செய்தார்கள். விற்கிற ஊரைக் கண்ணால் பார்த்துவிட்டு வரட்டும் என்று. அக்காவின் பெயரும் இருந்தது. பாஸ்போர்ட் வந்தது, விசா வந்தது. பெரியவர் லைன் முழுக்கச் சொல்லிவிட்டார். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "எம்பொண்ணு தண்ணி கேஜ்ல எறங்கப் போவுது" என்பார்.

தான் இல்லாத ஒரு வாரத்துக்கு அவரை யார் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அக்கா எனக்கும் பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் சொல்லிக் கொடுத்தாள். கரண்ட் போனால் சிலிண்டரை எப்படித் திறப்பது, கஞ்சி எந்தச் சூட்டில் வேண்டும், இருமல் எந்த மாதிரி சத்தத்தில் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் எல்லாம்.

பயணத்துக்குச் சில நாள் முன்னால் அந்த இருமல் வந்தது. ராபர்ட்சன்பேட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டொரு நாள் மோசமாக இருந்து, பிறகு தேறினார். பயப்பட ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்போதும் விமானத்துக்கு நேரம் இருந்தது. நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீ போ என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னாள். அக்கா ஆபீசுக்குக் கூப்பிட்டு, தன் இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்தபின்தான் பெரியவருக்குத் தெரிந்தது. அன்று நான் அங்கேதான் இருந்தேன். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கஞ்சியோடு அக்கா வந்து நின்றபோது திரும்பாமலே கேட்டார்.

"எனக்காவ போகலியா, பயந்துக்கினு போகலியா?"

அக்கா கஞ்சியை ஆற்றிக்கொண்டே இருந்தாள். "ரெண்டும் ஒண்ணுதான் நைனா."

"ஒண்ணு இல்லம்மா" என்றார். அன்று கஞ்சி குடிக்கவில்லை.

அதை ஈடுகட்டத்தானோ என்னவோ, சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா அவருக்காக ஒரு பயணம் போட்டாள். ஆட்டோவில் சிறிய சிலிண்டர், தலையணை, வெந்நீர். நானும் கூடப் போனேன். வெள்ளைக்கார அதிகாரிகள் இருந்த பங்களாக்களைப் பார்த்துக்கொண்டே போய், பேத்தமங்களா ஏரியில் பரிசலில் ஏறுவது என்று திட்டம். முந்தின ஞாயிறே அவள் தனியாகப் போய், கரை எந்த இடத்தில் சரிவில்லாமல் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

மேட்டு மேலே மரங்களுக்கு நடுவில் அந்த பங்களாக்கள் இருக்கின்றன. சிலவற்றில் ஆட்கள் இருக்கிறார்கள். பல இடிந்து கிடக்கின்றன. ஒன்றின் முன்னால் பெரியவர் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த வீட்டுக்கு ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாராம். கேட்டுக்கு வெளியிலேயே வாங்கிக்கொண்டார்கள். உள்ளே யாரோ பியானோ வாசிக்கிற சத்தம் மட்டும் கேட்டதாம்.

இப்போது அந்த கேட்டும் இல்லை, வீட்டுக்குக் கதவும் இல்லை. கூரை ஓடு பாதி சரிந்து, உண்ணிச் செடி வாசல்வரை வந்திருந்தது. நாங்கள் இருவரும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள, அவர் உள்ளே போனார். கூடத்தில் நின்று சுற்றிப் பார்த்தார். கணப்பு அடுப்பில் கரி இருந்தது.

"இவ்ளோதானா?" என்றார். "உள்ள இவ்ளோ சின்னதா கீதே."

திரும்பி வந்து படியில் உட்கார்ந்து நெடுநேரம் மூச்சு வாங்கினார். சுரங்கத்துக்குள் போய் வந்த அத்தனை வருடமும் அந்த வீடு அவர் மனசில் எவ்வளவு பெரிதாக இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அக்கா அவர் சட்டையில் ஒட்டியிருந்த செடி முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஏரியில் தண்ணீர் நிறைய இருந்தது. பரிசல்காரர் பழக்கமானவர் போல அவரைக் கையால் அணைத்து ஏற்றி உட்காரவைத்தார். பரிசல் மெதுவாக நடுவுக்குப் போனதும், பெரியவர் விரல் முட்டியால் அதன் விளிம்பைத் தட்டினார். கொஞ்சம் நிறுத்தி மறுபடி தட்டினார்.

"இன்னா நைனா அது?"

"ஆளுங்க ஏறிட்டாங்க, எறக்குன்னு அர்த்தம்." சிரித்தார். பிறகு தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு சொன்னார். "எனக்கு அப்பால நீ போய்ட்டு வா. யாருக்கும் வந்து சொல்லணும்னு இல்ல. சும்மா ஒக்காந்து பாத்துட்டு வா."

அந்தக் குளிர்காலத்தை அவரால் தாங்க முடியவில்லை.

சாவு வீட்டிலும் அக்கா அக்காவாகத்தான் இருந்தாள். சடங்கு செய்ய புத்த பிக்குவுக்குச் சொல்லிவிட்டிருந்தாள். குழி வெட்டுகிறவர்களுக்குச் சொல்லிவிட்டிருந்தாள். வெயில் நகர நகர ஷாமியானாவின் எந்த ஓரத்தில் நிழல் இருக்குமோ அங்கே நாற்காலிகளை மாற்றிக்கொண்டே இருந்தாள். சர்க்கரை நோய்க்காரர்களுக்குச் சர்க்கரை போடாத டீ தனியாக வந்தது. வேலூரிலிருந்து வந்தவர்களுக்குத் திரும்பிப் போகிற பஸ் நேரம் வரை சொல்லி வைத்தாள்.

உறவில் ஒரு பெரியம்மா பக்கத்தில் இருந்தவளிடம், "கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வருதா பாரு. எல்லாத்தையும் ரெடி பண்ணி வெச்சிக்கினு காத்துனு இருந்தா மாதிரி கீது" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அக்கா பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அக்கா முன்னால் வந்து, "பெரிம்மா, உங்க மேல வெயில் அடிக்குது பாருங்க, எழுந்திருங்க" என்று சொல்லி அவள் நாற்காலியைத் தூக்கி நிழலில் போட்டாள்.

மாலையில் எல்லோரும் போனபின், நானும் அவளும் வாசலில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே ஆக்சிஜன் இயந்திரத்தை யாரோ நிறுத்தி மூலையில் தள்ளி வைத்திருந்தார்கள். நான் அவளைச் சாப்பிடக் கூப்பிட்டேன்.

"இதுவரைக்கும்தான் யோசிச்சி வெச்சிருந்தேன்" என்றாள். "இதுக்கு அப்பால இன்னா பண்ணணும்னு யோசிக்கலடி."

அடுத்த வருடம் கம்பெனி மறுபடி கேட்டபோது அவள் போனாள். ரயிலில் எங்களுக்கெல்லாம் பெருமையாக இருந்தது. அவள் திரும்பி வந்து ஏறிய அன்று ஜன்னலோர இடத்தைப் பிடித்து வைத்திருந்தோம். ஆளாளுக்கு ஒரு சாக்லேட் கொடுத்தாள். ரயில் கோரமண்டலை விட்டு நகர்ந்ததும் நான்தான் கேட்டேன்.

"கால்வா எப்படி இருந்துச்சிக்கா?"

"தூங்கிட்டேன்டி."

"இன்னா?"

"போட்டு கெளம்பிச்சி. ஒரு பாலம் போனதுதான் தெரியும். அப்பறம் கண்ணு சொருவிடுச்சி. எந்த வீட்டையும் பாக்கல. சாப்பாட்டுக்கு எறங்கச் சொல்லி எழுப்பினாங்களாம், நான் எழுந்திருக்கலியாம். யாரோ ஒரு பொம்பள சால்வை போத்திவிட்டிருக்கா. முழிச்சிப் பாத்தா சுத்தி வெறும் தண்ணி. வெனிஸ் வந்துடுச்சின்னாங்க."

பெட்டியே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். பூ கட்டுகிறவள், "எங்களுக்கெல்லாம் அவ்ளோ கதை சொல்லிட்டு நீ தூங்கிட்டு வந்தியா" என்று கேட்டு அவள் தொடையில் தட்டினாள். சிரிப்பு அடங்கிய பிறகு அக்கா என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"வருஷக்கணக்கா ராத்திரி நைனா மூச்சைக் கேட்டுக்கினேதான் படுத்திருந்தேன். கொஞ்சம் நின்னா எழுந்துடுவேன். அவரு போனப்பறம் இன்னும் மோசம். சத்தமே இல்லன்னு எழுந்துடுவேன். அங்க போட்ல பின்னாடி ஒரு பெரியவரு ஒக்காந்திருந்தாரு. யாருன்னு தெரியாது. அவருக்கும் மூச்சு இழுத்துச்சி. அதக் கேட்டுக்கினே இருந்தேன். அவரு பக்கத்துல அவங்க வீட்டு ஆளுங்க இருந்தாங்க. அவங்க பாத்துப்பாங்கன்னு தோணிச்சி. அவ்ளோதான்."

வெளியே பங்காருப்பேட்டை நெருங்கிக்கொண்டிருந்தது.

"நைனாகிட்ட நான் இன்னா சொல்லுவேன்? அவ்ளோ தூரம் போயி தூங்கிட்டு வந்தேன்னா சொல்லுவேன்?"

"தூங்கட்டும் வுடுன்னு சொல்லியிருப்பாருக்கா" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் சமாதானத்துக்குச் சொல்கிறேனா என்று பார்ப்பதைப் போல இருந்தது.

"சொல்லியிருப்பாரு இல்ல?"

"சொல்லியிருப்பாரு."

ஆஸ்பத்திரியிலும் சாவு வீட்டிலும் அழாதவள் அப்போது அழ ஆரம்பித்தாள். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டும் சத்தம் வந்தது. பங்காருப்பேட்டையில் ஏறிய பெண்கள் என்ன என்று கேட்க வந்து, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமல் தள்ளி நின்றுகொண்டார்கள். பூ கட்டுகிறவள் கூடையை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு அவள் முதுகில் கையை வைத்தாள். ஒயிட்ஃபீல்டு தாண்டும் வரை அக்கா அழுதாள். நிறுத்து என்று எங்களில் ஒருத்தியும் சொல்லவில்லை.